பிள்ளை பிடிக்கிற உசேன் பாய்

எங்கள் கம்பெனியில் உசேன் பாய்க்குக் கொடுத்த உத்தியோகம் வேன் டிரைவர். ஆனால் அவர் செய்த வேலைக்கு எந்தக் கம்பெனியிலும் இன்றுவரை பெயர் வைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போன அப்ரண்டிஸ் பையன்களை ஊர் ஊராகப் போய்த் தேடி, தாஜா பண்ணி, வேனில் ஏற்றி, ஓசூருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை அது. தர்மபுரி ஜில்லாவில் பாதி ஊருக்கு அவர் ‘பிள்ளை பிடிக்கிற பாய்’. நான் டைம் ஆபீஸ் கிளார்க். அவர் பிடித்துவந்த பிள்ளைகளுக்கு வருகை போடுகிறவன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவன் கிடையாது என்பது என் அபிப்பிராயம். வேறு யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்பவேண்டும்.

ஓசூர் அப்போது தர்மபுரி ஜில்லாவில் இருந்தது. எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு வாக்கில் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கம்பெனிக்குப் பூமிபூஜை நடந்துகொண்டிருக்கும். மெஷின்கள் லாரி லாரியாக வந்து இறங்கின. ஓட்டத்தான் ஆள் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த, லேத் ஓட்டுகிற டர்னர்கள் ஓசூர்க் குளிருக்கு மப்ளர் வாங்கினார்கள். மப்ளர் அழுக்காவதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் இன்னும் மோசம். பக்கத்துக் கம்பெனியில் கொஞ்சம் கூடக் கொடுக்கிறான் என்று காதில் விழுந்தால், மத்தியானச் சாப்பாட்டை எங்கள் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு நாலு மணி டீயை அங்கே போய்க் குடிப்பார்கள். எங்கள் லேத்துகள் உறை போட்டபடி நின்றன.

கடைசியில் பம்பாய் ஹெட் ஆபீஸ் ஒரு முடிவுக்கு வந்தது. வெளியே தொழிலாளி கிடைக்காவிட்டால் நாமே தயார்செய்துகொள்வோம் என்றார்கள். இந்த ஜில்லாவிலேயே பத்தாவது பாஸ் செய்த பையன்களை எடுத்து, கம்பெனிக்குள்ளேயே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்து, மூன்று வருஷம் ஓசூரிலேயே தங்கவைத்துக் கற்றுக்கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுப்பது. பள்ளிக்குப் பொறுப்பாகக் கிருஷ்ணப்பனைப் போட்டார்கள். அவர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கிராஜுவேட் டிரெய்னியாக வந்து சேர்ந்திருந்தவர். அதாவது அவரே பயிற்சியில்தான் இருந்தார். தங்கமான மனுஷர், எதற்கெடுத்தாலும் வியர்த்துவிடும், அவ்வளவுதான்.

பையன்களைச் சேர்க்க முதல்முதலாக வேன் போன ஊர் இண்டூர். வேன் ஊருக்குள் நுழைந்ததும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் காட்டுப்பக்கம் ஓடினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் ஏற்றிப்போன வேனை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. இதுவும் அதே மாதிரி மூடின வேன், அதே மாதிரி வெள்ளை. புளியமரத்தில் ஏறிக்கொண்ட பெரியவர் ஒருவர், “பாய், எனக்கு வயசு அறுபது ஆவுதுங்க, என்னால இனிமே ஒரு தொந்தரவும் வராதுங்க, வுட்டுருங்க” என்று மேலிருந்தே கும்பிட்டார். உசேன் பாய் கீழே நின்று, “எறங்குங்க பெரியவரே, நாங்க பசங்களுக்கு வேலை கத்துக்குடுக்க வந்திருக்கறம்” என்று சொல்லச் சொல்ல, அவர் இன்னும் ஒரு கிளை மேலே போனார்.

அதைச் சமாளித்தால் அடுத்த சந்தேகம். வேலை தெரிந்தவனுக்குச் சம்பளம் கொடுப்பது உலக வழக்கம்; வேலையே தெரியாதவனுக்கு எதற்குப் பணம் கொடுக்கிறான்? ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எப்படியோ ஒரு வேன் நிறையப் பையன்கள் சேர்ந்தார்கள். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு அரத்தைக் கொடுத்து, ஆளுக்கொரு இரும்புத் துண்டை வைஸ் இடுக்கியில் மாட்டி, ராவு என்றார் கிருஷ்ணப்பன். முதல் வருஷம் முழுக்க ராவுவதுதான் பாடம். லேத்துப் பக்கமே விடமாட்டார்கள். இரும்பைத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும்; மட்டமானதும் இன்னொரு துண்டு வரும். கொப்புளம் வெடித்ததும் பையன்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஓடத் தொடங்கினார்கள். ஒருத்தன் கடலைக்காய் பிடுங்கப் போயிருப்பான். ஒருத்தனுக்கு அக்காள் மகள் சடங்கு. காரிமங்கலம் பக்கத்துப் பையன்களுக்குச் சந்தை நாள் வந்துவிட்டால் கை அரத்தைத் தொடாது. சித்தேரிப் பையன் ஒருவன், மலைக்கு பஸ் வரவில்லை என்று சொல்லிப் பல நாள் ஊரிலேயே இருந்துவிட்டான். பஸ் தினமும் வந்தது, இவன்தான் ஸ்டாப்புக்கு வரவில்லை.

இவர்களைக் கொண்டுவருவதற்கு உசேன் பாய் ஒரு முறை வைத்திருந்தார். போன வீட்டில் பையனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். மாட்டுக்கு எத்தனை பல் என்று கேட்பார். மழை எப்படி என்பார். மோர் கொடுத்தால் குடித்துவிட்டு மோரைப் புகழ்வார். பையன் மாட்டுக்கொட்டகையில் பதுங்கியிருப்பது அவருக்குத் தெரியும். கொட்டகைக்குக் கேட்கிற மாதிரி, “இன்னிக்கி கேன்டீன்ல முட்டைக் கொழம்புங்க. ஆளுக்கு ரெண்டு முட்டை. ஆள் கொறைஞ்சா இருக்கறவங்களுக்கு மூணு” என்பார். கொஞ்ச நேரத்தில் பையன் தலையில் வைக்கோலோடு வெளியே வருவான். நான் அவருக்காகப் பல நாள் வருகையை மத்தியானத்துக்கு மேல்தான் முடிப்பேன்.

அவர் இத்தனை பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பாய் லாரி ஓட்டியவர். பம்பாய், கல்கத்தா என்று போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஒரே மகள் ஜான் பீ நடை பழகியதை அவர் பார்க்கவில்லை; முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனதையும் பார்க்கவில்லை. இந்த வேன் வேலையில்தான் மனைவி ரஹமத் பீவி கையால் தினமும் சாப்பிடுகிறார். அதற்கும் ஆபத்து வந்தது. முதல் வருஷப் பரீட்சைக்கு முக்கால்வாசிப் பேராவது உட்காராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று பம்பாயிலிருந்து சொல்லிவிட்டார்கள். பள்ளி இல்லையென்றால் வேன் எதற்கு, வேன் இல்லையென்றால் பாய் எதற்கு? “லாரிக்கு மட்டும் திரும்ப மாட்டேங்க. அதுக்குப் பதில் நானே ஒக்காந்து இரும்பு ராவறேன்” என்றார் என்னிடம்.

இந்த நேரம் பார்த்து இண்டூர் முனிராஜ் ஓடிப்போனான். நன்றாக ராவுகிற பையன். பாய் போய் மாட்டைப் புகழ்ந்தார், மோரைப் புகழ்ந்தார். முனிராஜின் அம்மா சின்னம்மாள் எதற்கும் அசையவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

“பாருங்க பாய். தோலு பிஞ்சு கெடக்குது. அவ்வளவு நல்ல கம்பெனின்னா உங்க புள்ளயச் சேத்தீங்களா?”

“எனக்கு ஏதும்மா பையன்? ஒரே பொண்ணுதான்.”

“பொண்ணுன்னா? அதுக்குக் கை இல்லீங்களா?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. “சேக்கறேன். உங்க பசங்க கூடவே எம் பொண்ணும் ராவுவா. அவ என்னிக்கி வரலியோ, அன்னிக்கி நீங்களும் அனுப்ப வேணாம்” என்று நடுத்தெருவில் நின்று வாக்குக் கொடுத்தார். சேதி எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. வேன் காவேரிப்பட்டினம் தாண்டுவதற்குள் அவருக்கு ரோஷம் இறங்கிப் பயம் ஏறிவிட்டது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண்பிள்ளையைக் கம்பெனி எங்கே சேர்க்கப்போகிறது? முடியாது என்று அவர்கள் சொன்னால் பழி அவர்கள்மேல் போய்விடும்.

பழி போகவில்லை. பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்காததால் எழுதவில்லை. கிருஷ்ணப்பன் வியர்த்துக்கொண்டே ஹெட் ஆபீஸுக்கு போன் போட்டார். அவர்கள் சந்தோஷப்பட்டுச் சரி என்றுவிட்டார்கள். வீட்டிலாவது மறுப்பு வரும் என்று போனால், பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த ஜான் பீ, அவர் சொல்லி முடிப்பதற்குள் “நாளைக்கே வர்றேன் அத்தா” என்றாள். ரஹமத் பீவி மட்டும், “வேன் ஓட்டி ஓட்டி உங்களுக்குப் புத்தி பின்னாடி சீட்டுக்குப் போயிருச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜான் பீ வந்தாள், ராவினாள். கொப்புளம் வந்தது, துணி சுற்றிக்கொண்டு ராவினாள். அவள் வருவதைக் கேள்விப்பட்டு முனிராஜ் வந்தான், மற்றவர்களும் வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை முன்னால் கை வலிக்கிறது என்று சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வருகை போடுகிற வேலை காலையிலேயே முடிந்தது.

பரீட்சை நெருங்கியபோது கிருஷ்ணப்பனுக்குத் தன் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கு லீவு விடுவது வழக்கமாயிற்றே என்று எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். இரும்பு ராவுகிற பரீட்சைக்கு ஊருக்குப் போய் எதைப் படிப்பது? நான் வாயைத் திறந்து கேட்டேன். “மனசு ஓய்வா இருக்கணும் சார்” என்றார். மனசு அத்தனை பேருக்கும் நன்றாக ஓய்ந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் திரும்பவேண்டிய பையன்களில் ஒருத்தனும் வரவில்லை. பரீட்சை அன்று காரிமங்கலம் சந்தை வேறு.

பம்பாய் ஆபீசர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறார்கள். விடியற்காலையில் வேனை எடுத்துக்கொண்டு பாய் கிளம்பினார். ஜான் பீயும் லீவில் அம்மாவோடு காரிமங்கலத்தில் மாமா ஜமீர் வீட்டுக்குப் போயிருந்தாள். முந்தின நாளே வருகிறோம் என்று சொன்னவர்கள் வரவில்லை. போகிற வழிதானே, திரும்பும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று பாய் நேராக இண்டூருக்குப் போனார்.

சின்னம்மாள் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். “பொண்ணு எங்க பாய்?”

“காரிமங்கலத்துல இருக்குதும்மா. போற வழியில ஏத்திக்குவம்.”

“இருக்கட்டும். நானும் வந்து கண்ணால பாக்கறேன்” என்று அவள் மகனோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரியும் ஏறினாள். போன ஊரிலெல்லாம் பையன்களோடு அம்மாக்களும் ஏறினார்கள். பாதிப் பேர் சந்தைக்கும் போன மாதிரி இருக்கும் என்று பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேன் மூச்சு வாங்கிக்கொண்டு காரிமங்கலம் வந்து சேர்ந்தது.

ஜமீர் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே பிரியாணி வாசம் தூக்கியது. பாய்க்கு அப்போதே விளங்கிவிட்டது. சந்தை நாள் என்றால் எல்லோரும் ஊருக்கு வருவார்கள், கையோடு கல்யாணக் காரியமும் முடிந்துவிடும் என்பது ஜமீரின் கணக்கு. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம் பெண் பார்க்க வந்திருந்தது. முன்னறையில் மாப்பிள்ளையின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா ஜான் பீயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ரஹமத் பீவி கணவரை ஓரமாக இழுத்தார். “சொன்னா வேணாம்பீங்க, அதான் சொல்லல. நல்ல எடங்க. சீர் எதுவும் கேக்கல. ஒரே ஒரு பேச்சுப் பேசாதீங்க. அவ இரும்பு ராவுறது அவங்களுக்குத் தெரியாது. கையில மருதாணி அப்பி வெச்சிருக்கறேன்.”

“ரஹமத்து, ரெண்டு மணிக்குப் பரீட்சை.”

“பரீட்சை அடுத்த வருசமும் வரும். இந்த எடம் வருமா?”

 எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ அம்மாக்களை மசியவைத்தவர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரஹமத் பீவி சொன்னதும் நியாயமாகத்தானே இருந்தது? நல்ல குடும்பம். வேன் டிரைவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு அது சின்ன விஷயமா? இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருக்கிறது.

அதற்குள் சின்னம்மாள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே மற்ற அம்மாக்கள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்து, “நீங்கல்லாம் யாருங்க?” என்று கேட்டார்.

“நாங்களா? பாய் பொண்ணு கூட இரும்பு ராவுற பசங்களோட அம்மாங்க” என்றாள் சின்னம்மாள். ரஹமத் பீவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன ராவுறது?”

“இரும்புங்க. உங்களுக்குச் சொல்லலீங்களா?” என்ற சின்னம்மாள், ஜான் பீயின் பட்டுப்புடவையையும் பூவையும் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. சத்தமாக வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். “முனிராஜு, எறங்குடா வேன வுட்டு. பாய் பொண்ணுக்கு ஒரு ஞாயம், நம்ம புள்ளைக்கு ஒரு ஞாயமா? வா, சந்தைக்குப் போயிட்டு வூட்டுக்குப் போலாம்.” வெளியே பையன்கள் ஒவ்வொருவராக இறங்குகிற சத்தம் கேட்டது. இறங்கும்போது அவர்கள் காட்டிய சுறுசுறுப்பை ராவும்போது காட்டியிருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா, “கையக் காட்டும்மா” என்றார். ஜான் பீ முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, விலகிய திரை வழியாக அப்பாவைப் பார்த்தாள்.

“காட்டும்மா” என்றார் உசேன் பாய். “எதுக்கு மறைக்கற? திருடின கையா அது?”

ஜான் பீ கையை நீட்டினாள். மருதாணிச் சிவப்புக்கு அடியில் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பாய் அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மா, எம் பொண்ணுக்கு இன்னிக்கிப் பரீட்சைங்க. இவ வந்தாத்தான் எங்க புள்ளைங்களும் வரும்னு இவங்க சொல்றாங்க. அப்படித்தான் நான் வாக்குக் குடுத்திருக்கறேன். பொண்ணு புடிச்சிருந்தா இன்னொரு நாள் வாங்க. புடிக்கலேன்னாலும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“கை ஆம்பள கையாட்டம் இருக்குதே” என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளபடி சொன்னார். முன்னறையில் தகப்பனார் தொண்டையைச் செருமினார். யோசித்துச் சொல்கிறோம் என்று இருவரும் எழுந்தார்கள். சாப்பிடவில்லை. செருப்பு மாட்டுகிற வேகத்திலேயே யோசனை முடிந்துவிட்டது தெரிந்தது.

ஜான் பீதான் முதலில் பேசினாள். “அத்தா, இப்பக் கெளம்பினா ரெண்டு மணிக்குள்ள போயிரலாமா?” சின்னம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய், “ஏறுங்கடா எல்லாரும்!” என்று ஒரு சத்தம் போட்டாள்.

ஜமீர்தான் நடுவில் நின்று புலம்பினார். “மச்சான், ஒரு தேக்சா பிரியாணி ஆக்கி வெச்சிருக்கறன். யாரு தின்னுறது?” அதையும் துணி கட்டி வேனில் ஏற்றினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ரஹமத் பீவியும் ஏறினார். காரிமங்கலத்திலிருந்து ஓசூர்வரை அவர் அழுதுகொண்டே வந்தார். பள்ளத்தில் வேன் குதிக்கும்போது மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது பம்பாய் ஆபீசர்கள் காலியான பள்ளியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன் சட்டை நனைந்து நின்றார். வேனிலிருந்து பையன்களும், அம்மாக்களும், பட்டுப்புடவை கட்டின ஒரு பெண்ணும், ஒரு தேக்சாவும் இறங்குவதைப் பார்த்து ஆபீசர்களில் ஒருவர், இதில் யார் அப்ரண்டிஸ் என்று கேட்டார். எல்லோரும்தான் என்றுவிட்டார் கிருஷ்ணப்பன், பதற்றத்தில். பையன்களும் ஜான் பீயும் அத்தனை பேரும் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். ஆபீசர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். பள்ளியை மூடுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பயிற்சிக்கூடத்து ஜன்னல் என் ஆபீஸை ஒட்டி இருந்தது. ரஹமத் பீவி அங்கே வந்து நின்றார். மகள் வேலை செய்து அவர் பார்த்ததேயில்லை. பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஜான் பீ ராவிக்கொண்டிருந்தாள். ஆபீசர் அவள் துண்டை வாங்கி, மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது; அங்கே மட்டம் ஒரு இம்மி குறைவு என்று அர்த்தம். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

“என்ன சொன்னாரு?” என்று ரஹமத் பீவி என்னிடம் கேட்டார்.

“பாஸ்னு அர்த்தம்மா” என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

உசேன் பாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் எவ்வளவோ பேசியவர், மனைவியிடம் பேசப் பயந்து, “கோவமா இருக்கறியா ரஹமத்து?” என்று மட்டும் கேட்டார்.

“கோவம் இல்லாம? மண்டிக்காரங்க இனிமே நம்ம தெருப் பக்கமே வர மாட்டாங்க” என்றார் ரஹமத் பீவி, மகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். “இவ மூணு வருசம் முடிக்கட்டும். அதுக்கப்புறம் மாப்பிள்ளை தேடுறது உங்க பொறுப்பு. தானா ஒருத்தனும் வரலேன்னா, வேன எடுத்துக்கிட்டுப் போயி நீங்களே ஒருத்தனப் புடிச்சுக்கிட்டு வாங்க.”